தொழில் வேனுக்குப் பெயர் எழுதும் முன்: ஸ்டிக்கரும் பூட்டும் திருட்டும்

வேன் கைக்கு வந்தவுடன் பக்கவாட்டில் பெயரும் போன் நம்பரும் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று தோன்றும். தோன்றுவது சரிதான். ஆனால் நேராக ஸ்டிக்கர் கடைக்குப் போய்விட்டால் அதே வேலையை இரண்டாம் முறை செய்ய நேரும். எதை முதலில் செய்வது, எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்பதை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். வேன் திருட்டில் இரண்டு வகை உண்டு. வேனையே ஓட்டிக்கொண்டு போவது ஒன்று. வேனை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே இருப்பதை அள்ளிக்கொண்டு போவது மற்றொன்று. பெரிய எழுத்தில் பெயர் போட்ட வேன் முதல் வகைக்காரனுக்குத் தொல்லை. தெருவில் யார் பார்த்தாலும் அடையாளம் தெரியும், உரிக்காமல் விற்க முடியாது. இரண்டாம் வகைக்காரனுக்கோ அதே எழுத்து பொருள் பட்டியலாகிவிடும். ஆகவே நீங்கள் யார் என்பது வேனில் இருக்கட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பது இருக்க வேண்டாம். கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் இதுதான் அடிப்படை.

1. கடிதங்களை முதலில் அனுப்புங்கள்

வேன் கடனிலோ குத்தகையிலோ இருந்தால், அந்த நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். குத்தகை முடிந்து திருப்பிக் கொடுக்கும்போது ஸ்டிக்கரை யார் எடுக்க வேண்டும், பெயின்ட் கெட்டால் யார் பொறுப்பு என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன ‘பரவாயில்லை’ திருப்பிக் கொடுக்கும் நாளில் உதவாது.

அடுத்தது இன்சூரன்ஸ். வேனில் விளம்பரம் எழுதுவதைப் பல நிறுவனங்கள் வாகன மாற்றமாகவே எடுத்துக்கொள்கின்றன. ஒட்டும் முன் தெரிவியுங்கள். நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: பிரீமியம் மாறுமா? விபத்தில் கதவு நசுங்கினால் அதன் மேலிருந்த ஸ்டிக்கர் செலவும் கிடைக்குமா? வேனுக்குள் இருக்கும் கருவிகளுக்குப் பாதுகாப்பு உண்டா? இரவில் வேனில் விட்ட கருவிகளுக்கும் உண்டா? கடைசிக் கேள்வியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வேனுக்கான பாலிசி பெரும்பாலும் வேனுக்கு மட்டும்தான். கருவிகளுக்குத் தனிப் பாலிசி வேண்டியிருக்கும். அதிலும் இரவு நேரத்தை விலக்கும் விதி சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கும். சாவியை வண்டியிலேயே விட்டிருந்தால் பணம் தரமாட்டோம் என்ற விதியும் பரவலாக உண்டு.

வேனின் நிறமே மாறும் அளவுக்கு முழுவதும் ஒட்டப் போகிறீர்கள் என்றால், பதிவுச் சான்றிதழில் நிறத்தை மாற்ற வேண்டுமா என்று பதிவு அலுவலகத்தில் கேளுங்கள். பல நாடுகளில் மாற்றியே ஆக வேண்டும். இந்தப் பதில்கள் வர ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகலாம். அதுவரை ஸ்டிக்கருக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

2. பூட்டு முதலில், ஸ்டிக்கர் பிறகு

இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்களே அதிகம். கூடுதல் பூட்டுக்குக் கதவில் துளை போட வேண்டும். ஒட்டிய வினைல் (ஸ்டிக்கர் செய்யும் பிளாஸ்டிக் தாள்) மேல் துளை போட்டால் அதன் விளிம்பு எழும்பும்; எழும்பிய இடத்தில் தண்ணீர் புகும். துளையிடும்போது தெறிக்கும் இரும்புத் தூள் கதவுக்குள்ளும் பெயின்ட் மேலும் தங்கி, சில வாரங்களில் துருப் புள்ளியாகும். பூட்டை முதலில் மாட்டி, தூளை உறிஞ்சி எடுத்து, துளையின் ஓரத்தில் துருத் தடுப்புப் பூச்சு அடித்த பிறகே வேன் ஸ்டிக்கருக்குப் போக வேண்டும். கதவின் உட்பலகையைக் கழற்றி, வயர்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பார்க்காமல் துளை போடுபவரிடம் வேனைக் கொடுக்காதீர்கள்.

எந்தப் பூட்டு வேண்டும் என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. நாளெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பொருள் விநியோகிப்பவருக்கு, கதவைச் சாத்தியதும் தானாகப் பூட்டிக்கொள்ளும் ஸ்லாம் லாக். அதில் ஒரே அபாயம், சாவியை உள்ளே வைத்துச் சாத்திவிடுவது. சாவி இடுப்பில் கட்டியிருக்க வேண்டும். கருவிகளோடு ஓரிடத்தில் வேலை பார்ப்பவருக்கு டெட் லாக்: சாவியைத் திருப்பினால்தான் பூட்டும், வேனின் சொந்தப் பூட்டோடு அதற்குச் சம்பந்தமில்லை. ஸ்லைடிங் கதவுக்குக் கொக்கி போன்ற நாக்கு உள்ள பூட்டே சிறந்தது, இழுத்தால் விடாது.

ஸ்லைடிங் கதவின் பலவீனம் அதன் மேல் விளிம்பு. அங்கே கையை நுழைத்து உடல் எடையைப் போட்டு இழுத்தால், சில வேன்களில் கதவு தகர டப்பாவின் மூடி போலக் கீழே வளைந்துவிடும். பூட்டு பூட்டியபடியே இருக்கும், பொருள் போயிருக்கும். கீழே மட்டும் பூட்டு மாட்டினால் இதைத் தடுக்க முடியாது. கதவின் மேல் பகுதியைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் இரும்புத் தாங்கியும் கேட்டு வாங்குங்கள். ஓட்டுநர் கதவில் கைப்பிடிக்குக் கீழே கூர்மையான கருவியால் குத்தி உள்ளிருக்கும் கம்பியைத் தள்ளுவது இன்னொரு வழி. கைப்பிடியைச் சுற்றி வரும் தடுப்புத் தகடு அதற்குத்தான்.

3. என்ன எழுதுவது

தொழில் பெயர், ஒரு போன் நம்பர், இணைய முகவரி. இவ்வளவு போதும். என்ன தொழில் என்று சொல்லாமல் முடியாது என்றால் ‘குளிர்சாதனப் பழுதுபார்ப்பு’ என்று ஒரு வரி எழுதுங்கள். ‘செப்புக் குழாய், கேஸ் நிரப்புதல், அனைத்து மின் கருவிகளும் எங்களிடமே’ என்று அடுக்காதீர்கள். வாடிக்கையாளருக்கு முதல் வரியே போதும். இரண்டாவது வரியால் பயன்பெறுபவன் வேறு ஆள்.

கருவிப் பெட்டியோடு இலவசமாக வரும் பிராண்டு ஸ்டிக்கர்களைப் பின்கதவில் ஒட்டும் பழக்கத்தை இன்றே விடுங்கள். டிவால்ட், மகிடா, ஹில்டி என்று வரிசையாக ஒட்டிய கதவு, உடைப்பதற்கு முன்பே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடும்.

வீட்டிலிருந்து தொழில் செய்பவர்கள் வீட்டு முகவரியை எழுதவே கூடாது. போன் நம்பரை இணையத்தில் தேடினாலும் வீடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் தொழிலுக்குத் தனி நம்பர் எடுங்கள். பகலில் வேனைப் பார்த்தவன் இரவில் அது எங்கே நிற்கும் என்று கண்டுபிடிக்கும் வழி அதுதான்.

‘இரவில் இந்த வேனில் கருவிகள் இல்லை’ என்ற வாசகம் பரவலாக உண்டு. உண்மையிலேயே தினமும் இறக்கி வைப்பவர் மட்டும் ஒட்டுங்கள். வேன் இருக்கும் இடத்தைக் காட்டும் கண்காணிப்புக் கருவி இருக்கிறது என்றும் எழுதலாம். அதன் பிராண்டை மட்டும் எழுதாதீர்கள். எந்தக் கருவி, வழக்கமாக எங்கே மாட்டுவார்கள் என்று தெரிந்தவனுக்குத் தேடும் நேரம் மிச்சமாகும்.

4. எங்கே, எவ்வளவு பெரிதாக

பின்னால் வரும் வண்டிக்காரர்தான் உங்கள் வேனை அதிக நேரம் பார்க்கிறார். எனவே போன் நம்பர் பின்கதவில் கட்டாயம் வேண்டும். எழுத்து உயரத்துக்கு ஒரு கணக்கு: 25 மில்லிமீட்டர் எழுத்தை ஏறக்குறைய 3 மீட்டர் தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம். 15 மீட்டரிலிருந்து படிக்க வேண்டும் என்றால் 12 முதல் 13 சென்டிமீட்டர் உயரம் வேண்டும்.

தமிழில் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. எழுத்துகளை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டும்போது மெய்யெழுத்தின் புள்ளி தனித் துண்டாக நிற்கும். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய அந்த வட்டம்தான் அழுத்தத் தண்ணீரில் முதலில் பறக்கும். ‘கண்ணன்’ என்று ஒட்டியது சில மாதத்தில் ‘கணணன’ என்று நிற்கும். புள்ளியின் விட்டம் 1 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. சிறிய எழுத்து வேண்டும் என்றால் வெட்டி ஒட்டாமல், ஒரே தாளில் அச்சிட்டு லேமினேட் செய்ததை ஒட்டச் சொல்லுங்கள். ஞ, ணு, கூ போன்றவற்றின் சுழிகள் மெல்லிய எழுத்துருவில் தெளிவாக இருக்கும். தடித்த எழுத்துருவில் அடைத்துக்கொண்டு தூரத்தில் கறுப்புத் திட்டாகத் தெரியும்.

வடிவமைப்பை ஒப்புக்கொள்ளும் முன், ஸ்லைடிங் கதவு திறந்திருக்கும் நிலையிலும் ஒரு படம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கதவு பின்னால் நகர்ந்து அடுத்த பலகையை மறைக்கும்போது இரண்டு பாதி வார்த்தைகள் சேர்ந்து வேறு வார்த்தையாகிவிடுவது அடிக்கடி நடக்கிறது. கைப்பிடி, எரிபொருள் மூடி, கதவு இடைவெளி ஆகியவற்றின் மேல் நம்பரின் எந்த இலக்கமும் விழக் கூடாது.

திருட்டைப் பொறுத்தவரை மேற்கூரைதான் பலரும் மறக்கும் இடம். வேனின் பதிவு எண்ணையோ உங்கள் சொந்த வரிசை எண்ணையோ கூரையில் பெரிதாக ஒட்டுங்கள். மாடியிலிருந்தும் உயரத்தில் உள்ள கேமராவிலிருந்தும் அது தெரியும். திருடியவன் அவசரத்தில் பக்கவாட்டை உரிப்பான். கூரைக்கு ஏணி வேண்டும்.

பின்பக்கக் கண்ணாடிகளுக்குத் துளைகள் கொண்ட ஒருவழிப் பார்வை பிலிம் நல்லது. விளம்பரமும் ஆகும், உள்ளே இருப்பதும் தெரியாது. மேலே லேமினேஷன் இல்லாவிட்டால் மழையில் துளைகளில் தண்ணீர் நிறைந்து உங்களுக்கே வெளியே தெரியாது. இரவில் உள்விளக்கு எரிந்தால் பார்வை தலைகீழாகி உள்ளே எல்லாம் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். முன்கண்ணாடியிலும் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியிலும் எதை ஒட்டுவதற்கு முன்னும் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள்.

5. எந்தப் பொருளில்

இங்கேதான் விலைப்பட்டியலை வைத்து ஏமாற்றுவார்கள். வாகன வினைலில் இரண்டு வகை: காஸ்ட், காலெண்டர்ட். காஸ்ட் மெல்லியது, சுமார் 50 மைக்ரான். வளைவிலும் குழிவிலும் படியும், சுருங்காது, பல ஆண்டு தாங்கும். காலெண்டர்ட் தடிமன் அதிகம், விலை குறைவு. தட்டையான பலகைக்குச் சரி, ஆனால் வளைவில் ஒட்டினால் மெல்ல மெல்லச் சுருங்கி ஓரம் எழும்பும். விலைப்பட்டியலில் வெறும் ‘வினைல்’ என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பிலிமின் பெயர், வகை, லேமினேஷனின் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். பிலிம் காஸ்ட்டாக இருந்து மேலே காலெண்டர்ட் லேமினேஷன் போட்டால், மேல் அடுக்கு சுருங்கிக் கீழ் அடுக்கையும் இழுத்துவிடும்.

பெயர் மட்டும் வெட்டி ஒட்டுவது மலிவு. வேனின் ஒரு பகுதியை மட்டும் பிலிமால் மூடும் பாதி மறைப்பு நடுத்தரம். முழு வேனையும் போர்த்துவதற்கு அதைப்போலப் பல மடங்கு ஆகும். திருட்டுக் கண்ணோட்டத்தில் பார்த்தால் பாதி மறைப்பே பணத்துக்கு ஏற்றது என்பது எங்கள் கருத்து. ஹீட் கன்னோடு (சூடான காற்றை ஊதும் கருவி) ஒரு ஆள் உட்கார்ந்தால் வெட்டிய எழுத்துகளைச் சீக்கிரம் எடுத்துவிடலாம். பெரிய பரப்பை எடுக்க வெகுநேரம் ஆகும், அந்த நேரம்தான் திருடனிடம் இருக்காது.

காந்தத் தகடு கதவிலிருந்து கழற்றி மாட்டலாம் என்பதால் பலருக்குப் பிடிக்கும். வேனைச் சொந்த வேலைக்கும் ஓட்டுபவருக்கு வசதிதான். ஆனால் திருடனும் ஒரு நொடியில் கழற்றுவான். தகட்டை மட்டும் திருடி வேறு வேனில் மாட்டி உங்கள் பெயரில் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகவும் வழி இருக்கிறது. இரவில் கழற்றி உள்ளே வையுங்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது எடுத்து இரண்டு பக்கமும் துடைக்காவிட்டால் அடியில் தங்கும் ஈரமும் தூசியும் பெயின்ட்டைக் கெடுக்கும். அலுமினியம், பைபர் கதவுகளில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. வாங்கும் முன் சின்னக் காந்தம் ஒன்றை வைத்துப் பாருங்கள்.

6. ஒட்டும் நாள்

புதிதாகப் பெயின்ட் அடித்த பலகை என்றால் குறைந்தது 3 வாரம் விடுங்கள். பெயின்ட்டிலிருந்து ஆவி வெளிவரும். சீக்கிரம் ஒட்டினால் அடியில் கொப்புளம் வரும். துருப்பிடித்த இடத்திலோ உரியும் பெயின்ட் மேலோ ஒட்ட வேண்டாம், எடுக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரும். மெழுகும் பாலிஷும் போடாமல் வேனைக் கழுவி, காய்ந்த நிலையில் கொண்டுபோங்கள். ஒட்டும் இடம் தூசியில்லாத, மூடிய அறையாக, 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருப்பது நல்லது. வெயிலில் தெருவோரம் நிறுத்தி ஒட்டுபவரைத் தவிர்த்துவிடுங்கள்.

குழிவான இடங்களில் நீட்டி ஒட்டிய பிலிமைக் கடைசியில் மறுபடி சூடாக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்த்து எழும்பிவிடும். பல காஸ்ட் பிலிம்களுக்கு 90 டிகிரிக்கு மேல் வேண்டும். சரியான அளவு தயாரிப்பாளரின் தாளில் இருக்கும். ஒட்டுபவரிடம் வெப்பமானி இருக்கிறதா என்று பாருங்கள், கையால் தொட்டுப் பார்த்து ‘சூடாயிடுச்சு’ என்பது போதாது.

பெயர் மட்டும் என்றால் அரை நாளிலிருந்து ஒரு நாள், முழு வேன் என்றால் 3 முதல் 5 நாள் வேன் அங்கேயே இருக்கும். அத்தனை இரவும் அது எங்கே நிற்கும், சாவி யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். கருவிகளை முழுவதும் இறக்கிவிட்டே கொடுங்கள். திரும்ப எடுத்த பிறகு 3 நாள் கழுவ வேண்டாம். அதற்குப் பிறகும் அழுத்தத் தண்ணீர்க் குழாயை 30 சென்டிமீட்டருக்கு உள்ளே கொண்டுபோகாதீர்கள், ஓரத்தைப் பார்த்து அடிக்காதீர்கள்.

7. அன்றே புகைப்படம், அன்றே கோப்பு

நான்கு பக்கமும் கூரையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். சேசிஸ் நம்பரைத் தெளிவாகப் படம் எடுங்கள். அது 17 எழுத்து, இலக்கம் கொண்டது. ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வராது, எனவே வட்டமாகத் தெரிவது எப்போதும் பூஜ்ஜியம்தான். வேனுக்குள் யாருக்கும் தெரியாத இரண்டு மூன்று இடங்களில் (பானட்டின் உள்பக்கம், இருக்கைக்கு அடியில், கதவுத் தூணில்) பொறித்தோ புற ஊதாப் பேனாவாலோ உங்கள் எண்ணை எழுதி, அதையும் படம் எடுங்கள். ஸ்டிக்கர் உரிந்துபோன வேனை உங்களுடையதுதான் என்று காட்ட இவை தேவைப்படும். ஒவ்வொரு கருவியின் வரிசை எண், பில், படம் ஆகியவையும் சேரட்டும். எல்லாம் போனில் மட்டும் இருந்தால், வேனோடு போனும் போகலாம்; வேறு இடத்தில் ஒரு நகல் வையுங்கள்.

ஸ்டிக்கர் கடையிடமிருந்து வடிவமைப்புக் கோப்பை, பெரிதாக்கினாலும் உடையாத வடிவில், கையோடு வாங்கிவிடுங்கள். பில்லில் வடிவமைப்பு, பொருள், கூலி தனித்தனியாக இருந்தால் இன்சூரன்ஸில் கேட்க எளிது.

8. சாவியும் கண்காணிப்பும்

தொழில் பெயர் அச்சிட்ட சாவிக்கொத்தை வேன் சாவியில் மாட்டாதீர்கள். தொலைந்த சாவியில் இருக்கும் பெயரும் தெருவில் நிற்கும் வேனில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருந்தால், எடுத்தவனுக்கு வேலை முடிந்தது.

பட்டன் அழுத்தாமலே திறக்கும் சாவியாக இருந்தால், வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலை வெளியிலிருந்து பெருக்கி வேனுக்கு அனுப்பித் திறக்கலாம். சிக்னலைத் தடுக்கும் பை வாங்கி, சாவியை அதற்குள் வைத்து வேன் பக்கத்தில் நின்று திறந்து பாருங்கள். திறந்தால் பை உதவாது. மாதம் ஒரு முறை இந்தச் சோதனை வேண்டும், உள்துணி கிழிந்தால் பை செத்துவிடும். உதிரிச் சாவிக்கும் பை வேண்டும். டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. துளை (மெக்கானிக் வண்டியின் கணினியோடு தன் கருவியை இணைக்கும் இடம்) வழியாகப் புதுச் சாவி பதிவு செய்வதைத் தடுக்க அதற்கென்று பூட்டு கிடைக்கிறது.

ஜி.பி.எஸ். கருவி வானத்தைப் பார்க்க வேண்டும்; தகரக் கூரைக்கு அடியில் ஒளித்தால் இடம் காட்டாது, பிளாஸ்டிக் டேஷ்போர்டுக்குள் வைக்கலாம். வேன் பேட்டரியைத் துண்டித்தாலும் ஓடும் சொந்த பேட்டரி உள்ளதாக வாங்குங்கள். அதன் சிம் கட்டணம் முடியும் தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள். கருவிப் பெட்டிக்குள் போடும், இருக்கும் இடத்தை உங்கள் போனில் காட்டும் சின்ன புளூடூத் டேக்குகள் இரண்டாம் அடுக்காக உதவும். அவற்றை மட்டும் நம்ப வேண்டாம், தெரியாத டேக் உடன் வருகிறது என்று திருடனின் போனுக்கே செய்தி போகலாம். வேனை ஓட்டுபவர் உங்கள் ஊழியர் என்றால், கண்காணிப்பு இருப்பதை அவருக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

9. போய்விட்டால்

காவல் நிலையத்தில் பதிவு எண், சேசிஸ் நம்பர், எழுத்துகளோடு கூடிய படங்கள் மூன்றையும் சேர்த்துக் கொடுத்து, புகார் எண்ணை வாங்குங்கள். அடுத்து கண்காணிப்புச் சேவைக்கும் இன்சூரன்ஸுக்கும் அதே நாளில் சொல்லுங்கள். ஜி.பி.எஸ். புள்ளியைத் துரத்திக்கொண்டு நீங்களே போகாதீர்கள். இடத்தைக் காவல் துறைக்குச் சொல்லுங்கள். வழக்கமான வாடிக்கையாளர்களுக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள், உங்கள் பெயர் எழுதிய வேன் இப்போது வேறொருவர் கையில் இருக்கிறது.

10. விற்கும் முன்

பெயரோடு வேனை விற்காதீர்கள். அடுத்தவர் எங்கே இடித்தாலும் போன் உங்களுக்குத்தான் வரும். ஹீட் கன்னால் இளஞ்சூடாக்கி, ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள்; வேகமாக இழுத்தால் பழைய பிலிம் துண்டு துண்டாகக் கிழியும். மிச்சப் பசையை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். எடுத்த பிறகும் எழுத்தின் நிழல் தெரிந்தால் அது பசை இல்லை, சுற்றியிருந்த பெயின்ட் வெயிலில் மங்கியதால் தெரிகிற வேறுபாடு. பாலிஷ் போட்டால் குறையும், முழுவதும் போகாமலும் இருக்கலாம். போன் நம்பரின் நிழல் இன்னும் படிக்க முடிகிறதா என்று சாய்ந்த வெயிலில் ஒருமுறை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு விற்பனைக்குப் படம் எடுங்கள்.